சீட்டிப் பக்கம்

பல வருடங்களாகத் தூங்கிக்கிடந்த தன் இணையதளத்தை, ஓய்வுபெற்ற நீதிபதி நேற்று தட்டி எழுப்பிவிட்டார். விதவிதமாகச் சீட்டியடிப்பது எப்படி என்று, உதட்டைக் குவித்து அவரே செய்து காட்டும் தளம்.

மகன் தையத்தக்கா என்று குதித்தான். "குடும்ப மானமே போச்சுப்பா! பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல இதைப் போய்த் திறப்பாங்களா? மூடுங்க முதல்ல!"

"மறைச்சுக் கல்யாணம் பண்ற வழக்கம் நம்ம வம்சத்துலயே கிடையாதுடா."

"பார்த்தாங்கன்னா கல்யாணமே நின்னுடும்!"

அழைப்பு மணி அடித்தது. பெண் வீட்டிலிருந்து வந்த மனிதர் உட்காரக்கூட இல்லை. "உங்க வெப்சைட்டைப் பார்த்தோம் சார்."

மகன் அப்பாவை முறைத்தான்.

"நேத்திலேர்ந்து வீட்ல ஒரே சீட்டிச் சத்தம். 'கட்டினா இவரைத்தான் கட்டுவேன்'னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க சார், எங்கம்மா!"

எவருக்கும் தலைகுனியாத நீதிபதி, எழுபத்திரண்டு வயதில், புதுமாப்பிள்ளை வெட்கத்தோடு தலைகுனிந்தார்.