ஈரம்

பக்கவாதம் வந்து கணவர் சவரிமுத்து கட்டிலோடு கிடக்கத் தொடங்கியதிலிருந்து வீட்டில் எல்லாமே பிலோமினாவின் வேலையாகிவிட்டது. அவரைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் போதாதென்று, கட்டிலை ஒட்டிய ஜன்னல் திட்டில் ஓர் ஆப்பிரிக்க வயலட் பூச்செடி வேறு. கொஞ்ச நாளாக அதன் இலைகள் துவண்டு தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றினாள். செடி இன்னும் துவண்டது.

அன்று பொறுமையிழந்து அதைத் தொட்டியிலிருந்து உருவினாள். மண் சேறாக இருந்தது. வேர்கள் பழுப்பேறி அழுகி நாறின. திரும்பிப் பார்த்தபோது சவரிமுத்து தன் தம்ளரை நல்ல கையால் போர்வைக்குள் மறைத்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நீங்களும் ஊத்துனீங்களா?”

அவர் தலையாட்டினார். கோணிய வாயால், “உனக்கு... வேலை...” என்றார். மேலே வார்த்தை வரவில்லை.

பிலோமினாவுக்குத் திட்ட மனம் வரவில்லை. அழுகாத ஒரு இலையைக் காம்போடு கிள்ளி, தயிர் டப்பாவில் புது மண் போட்டு நட்டாள். லேசாகத் தண்ணீர் தெளித்து, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

“இனிமே இது உங்க பொறுப்பு. மண்ணைத் தொட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. நான் தொடவே மாட்டேன்.”

அவர் உடனே விரலை மண்ணில் வைத்தார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு வேண்டாம் என்று தலையசைத்தார்.

“அப்ப சரி” என்று அவள் கட்டில் காலில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தாள். அடுப்பில் குக்கர் கூவியது. அவள் எழுந்திருக்கவில்லை.