இரண்டு பேர் வண்டி

ஆறு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து எழுநூறு. டைல்ஸ் மேஸ்திரிக்கு விடுதிக்காரர் தர வேண்டிய கூலி பாக்கி அது.

பதினான்கு மாதம் கழித்து, அந்தப் பணத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு, இன்று காலை வேலை நடக்கிற கட்டடத்து வாசலிலேயே வந்து நின்றார் விடுதிக்காரர். பணத்தைக் கொடுத்துவிட்டு, அடமானமாக விட்டுப்போன வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வந்திருந்தார்.

மேஸ்திரி பசைக் கரண்டியும் கையுமாக வெளியே வந்தார்.

வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. எலுமிச்சை மஞ்சள். பந்தயத்தில் ஓடுகிற ரகக் கார். இரண்டே சீட்டு. கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம். பழசுதான், ஆனாலும் கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அன்றைக்கு விடுதிக்காரர் கையில் சல்லிக்காசு இல்லை. இருபத்திரண்டு அறைக்கும் தரை போட்டு முடித்த மேஸ்திரியிடம் சாவியை நீட்டினார். "இது உங்ககிட்ட இருக்கட்டும் மேஸ்திரி. விவரமெல்லாம் இதுல எழுதியிருக்கேன்" என்று ஒரு தாளையும் நீட்டினார்.

மேஸ்திரி கைநாட்டு வைத்தார். மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

முன்பு டைல்ஸ் கடை வேன் ஓட்டிய கைதான். இருந்தும், சாவி வாங்கிய கையோடு முன்மூடியைத் திறந்தவர் உள்ளே வெறும் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, எஞ்சின் எங்கே என்று விடுதிக்காரரிடமே சண்டைக்குப் போனார். எஞ்சின் பின்னால் இருந்தது. அந்தப் பள்ளத்தில் இப்போது டைல்ஸ் வெட்டுகிற மெஷினும் ரப்பர் சுத்தியலும் இரண்டு வாளியும் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்துகொண்டன.

வெயில் காலத்தில் கூரையை மடக்கி, தரைமட்டம் பார்க்கிற ஆறடி அலுமினியக் கட்டையை இரண்டு சீட்டுக்கும் நடுவில் கொடிக்கம்பம் போல நட்டுக்கொண்டு போனார். நுனியில் மனைவி ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டாள். குளிர் காலத்தில் எஞ்சின் சூடு முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தது. மழைக் காலத்தில் கூரை ஒரு மூலையில் ஒழுகியது. குளியலறை இடுக்குக்கு வைக்கிற சிலிகானை வைத்து அதை அடைத்தார்.

பசை குழைத்துக் கொடுப்பது மனைவியின் வேலை. அவளும் தினம் வருவாள். சீட்டு தரையோடு தரையாக இருந்ததால் உட்காருவது சுலபம், எழுந்திருக்க ஒரு கை வேண்டும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் தெருவில் அவள் கையைத் தொட்டிராத மேஸ்திரி, இப்போது நாளுக்கு இரண்டு வேளை பிடித்துத் தூக்கிவிட்டார்.

மழை நாளில் மதியச் சாப்பாடு வண்டிக்குள்தான். சாப்பிட்டு முடித்தும் இறங்க மாட்டார்கள். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியாது. "புது மாப்பிள்ளைக்கு இன்னும் சாப்பாடு முடியலையா?" என்று பெயின்டர் கூரையைத் தட்டிவிட்டுப் போவான்.

விடுதிக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கதவில் சிமெண்ட் கோடு. சீட்டில் வெள்ளைத் தூள். உள்ளே குனிந்து கிலோமீட்டரைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பத்தொன்பதாயிரம் ஓட்டியிருக்கீங்களா? ஆறு வருஷத்துல நான் ஓட்டினது நாலாயிரம் மேஸ்திரி. மழைன்னா எடுக்க மாட்டேன். வெயில்னா நிறம் போயிடும்னு எடுக்க மாட்டேன்."

"நிறம் அப்படியேதாங்க இருக்கு. தினம் நான்தானே துடைக்கிறேன்" என்றாள் மனைவி.

டேஷ்போர்டுப் பெட்டியில் அவர் கொடுத்த தாள் இருந்தது. மடிப்பெல்லாம் இற்றுப்போய், டேப் ஒட்டியிருந்தது. விடுதிக்காரர் தான் எழுதியதைத் தானே ஒருமுறை படித்தார். அவர் முகம் தொங்கிப்போனது.

"தப்பு என்னோடதுதான். உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சும் எழுதிக் கொடுத்தேன் பாருங்க. வாய்விட்டுச் சொல்லியிருக்கணும்."

மேஸ்திரி கரண்டியில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

விடுதிக்காரர் பையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு தன்னையறியாமல் சிரித்துவிட்டார். "இதை நான் கொண்டுபோனா மறுபடியும் உறை போட்டு மூடித்தான் வைப்பேன். வண்டி உங்களுக்கு, பணம் எனக்கு. சம்மதமா?"

அந்தப் பணத்தில் ஒரு வேன் வாங்கலாம். மேஸ்திரி மனைவியைப் பார்த்தார். அவள் போய்த் தன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சம்மதங்க" என்றார் மேஸ்திரி.

விடுதிக்காரர் தாளின் அடியில் ஒரு வரி எழுதினார். மை டப்பா இல்லாததால் மேஸ்திரியின் கட்டைவிரலில் பேனாவால் தீற்றினார். மேஸ்திரி சாதுவாக விரலை அழுத்தினார். விடுதிக்காரர் தாளை அவரிடமே கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

அவர் தெருமுனை திரும்பியதும் மனைவி கதவுக் கண்ணாடியை இறக்கினாள்.

"கீழே என்னங்க எழுதியிருக்காரு?"

மேஸ்திரி தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார். "இனி... ஒரு... ஒருவருக்கொருவர்... பாக்கி இல்லை."

அந்த ஒரு இடத்தில்தான் தடுக்கியது. மேலே இருந்த வரி அவருக்குத் தூக்கத்திலும் வரும். போன மழைக்காலம் முழுக்க, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆவி படிந்த கண்ணாடியில் அவள் விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் காட்ட, ஐம்பத்திரண்டு வயதில் அவர் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வரி அது.

'பணம் தரும் வரை வண்டியை எக்காரணம் கொண்டும் வெளியே எடுக்கக் கூடாது.'