ஜூலை மார்க்

"ஆமா, ஜூலைல ஏமாத்தினேன். அதுக்கு இப்ப என்னங்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான் கோர்டெல் பூன். அவனுடைய நூற்று நாற்பது கிலோ உடம்பைத் தாங்க முடியாமல் நாற்காலி முனகியது.

அணியின் டாக்டர் மார்னி ஹாலரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த இரண்டு தாள்களையும் அவன் முன்னால் வீசினாள். முப்பதுக்கு ஜூலையில் பன்னிரண்டு மார்க். இன்றைக்கும் அதே பன்னிரண்டு.

அது எப்படி என்று அவளுக்குத் தெரியாதா? அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்குமுன் ஜூலையில் ஒவ்வொரு வீரனுக்கும் ஞாபகப் பரீட்சை வைப்பார்கள். பிறகு தலையில் அடிபட்டால் மறுபடியும் அதே பரீட்சை. மார்க் இறங்கியிருந்தால் மைதானத்தில் கால்வைக்க முடியாது. அதனால் ஜூலையிலேயே வேண்டுமென்று தப்பும் தவறுமாக உளறி, மார்க்கை முன்கூட்டியே பாதாளத்தில் இறக்கி வைத்துவிடுவார்கள் இந்தத் தடியன்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் தலையோடு தலை மோதி விழுந்த கோர்டெல், எழுந்து நேராக எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். வருகிற ஞாயிறு அரையிறுதி. அவள் கையெழுத்துப் போட்டால்தான் ஆட முடியும்.

"எல்லாத்துலயும் திருட்டுத்தனம்தானா உனக்கு? பதினோரு வருஷமா இதே பொழப்பு! பந்து கையை விட்டுப் போனப்புறம் எதிரணி வெஸ்லியைப் போய் மோதினியே, இன்னும் கழுத்துல பட்டையைக் கட்டிக்கிட்டுத் திரியறான், தெரியுமா?"

"ஆட்டம்னா அடி விழத்தான் செய்யும். பயமா இருந்தா டென்னிஸ் ஆடச் சொல்லுங்க."

"வாயைப் பாரு! விழுந்து கெடந்தவன் கையை மிதிச்சியே, அதுவும் ஆட்டமா?"

"கால் வழுக்கிடுச்சு டாக்டரம்மா. நடுவர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்." கண்ணடித்தான்.

மூன்று ஊர்களில் இவன் பெயர் போட்ட சட்டையை நடுத்தெருவில் கொளுத்தினார்கள். கொளுத்தியதில் தப்பே இல்லை என்று மார்னிக்குத் தோன்றியது. வீட்டில் நான்கு கார் நிற்கிறதாம். ஆனாலும் இந்தப் பருவம் முழுக்கத் துரைக்குக் கார் ஓட்டுவது மனைவி ஷனிஸ். கார் நிறுத்தும் இடத்திலிருந்து அறை வாசல்வரை அவள் கூடவே வந்து விட்டுவிட்டு, சாவியோடு வெளியே காத்திருக்க வேண்டும். கொழுப்பு, வேறென்ன?

"இதோ பாருங்க," என்று சற்றுத் தணிந்து வந்தான் கோர்டெல். "ஜெயிச்ச அணிக்காரன் ஒவ்வொருத்தன் விரல்லயும் ஒரு மோதிரம் மின்னுதே, அது எனக்கு இதுவரைக்கும் கெடைக்கல. இன்னும் ரெண்டே ஆட்டம். முட்டி ரெண்டும் போச்சு, அடுத்த வருஷம்ங்கிறது எனக்குக் கெடையாது. கையெழுத்தைப் போடுங்க."

"மாட்டேன். நாலு வருஷம் முன்னால இப்படித்தான் ஒருத்தன் கெஞ்சினான்னு போட்டுக் குடுத்தேன். இன்னைக்கு அவன் பெத்த பொண்ணு பேரைக் கேட்டா முழிக்கிறான். முப்பதுக்குப் பன்னெண்டு வாங்கறவனை மறுபடி மைதானத்துல விட்டா என்னைச் செருப்பாலதான் அடிக்கணும்."

"அதான் சொல்றேனே, அது பொய் மார்க்கு! இன்னைக்கும் ஜூலை மாதிரியே அளந்து அளந்துதான் தப்பாச் சொன்னேன். எனக்கு ஒண்ணும் இல்ல!" மேசையில் ஓங்கிக் குத்தினான். பேனா உருண்டு கீழே விழுந்தது.

மார்னி குனிந்து அதை எடுத்தாள். நிமிரும்போது ஒரு முடிவோடு நிமிர்ந்தாள். இவனை இவன் வாயாலேயே பிடிக்க வேண்டும்.

"சரி. பொய் மார்க்குன்னா உண்மை மார்க்கு என்னன்னு காட்டு. புதுக் கேள்வி கேக்கறேன். நடிக்காம இருபத்தஞ்சு வாங்கினா இந்த நிமிஷமே கையெழுத்து. நீ ஏமாத்தினதை யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

அவன் மேசையிலிருந்து கையை எடுத்தான். "இப்பவா?"

"இப்பவேதான். அஞ்சு வார்த்தை சொல்றேன், திருப்பிச் சொல்லு. குதிரை, ஜன்னல், வெண்ணெய், பாலம், ஊசி."

"குதிரை," என்றான். "ஜன்னல்." நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "குதிரை..."

"போகட்டும். மாசத்தையெல்லாம் டிசம்பர்லேர்ந்து பின்னோக்கிச் சொல்லு."

"டிசம்பர். நவம்பர்." கண்ணை இறுக மூடிக்கொண்டான். "ஆகஸ்ட்... இல்ல, இருங்க. மொதல்லேர்ந்து வரேன். டிசம்பர்..." விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். பிறகு மடக்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்னிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இறங்கி வந்து வழிவிட்டால் அதிலும் கேலியா?

"நிறுத்துடா!" என்று கத்தினாள். "கையெழுத்து வேணும்னு கேட்டே, தரேன்னு சொன்னேன். இப்பவும் உனக்கு நாடகமா? ஜூலைல என்னை உக்கார வெச்சு முட்டாளாக்கினியே, அப்படியே அதே நடிப்பு! எழுந்திரு, வெளியே போ!"

அவன் எழுந்திருக்கவில்லை. மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, மெல்லச் சொன்னான்:

"ஜூலைலயும் நான் நடிக்கல டாக்டர்."