உப்புப் பார்க்கிற இடம்

மிஷின்கள் மெட்டுப் போட ஆரம்பித்த பிறகு வந்த எந்தப் பாட்டும், நாலாயிரம் இசைத்தட்டு சேர்த்த எட்வினின் மனதில் ஒட்டவே இல்லை. இன்று வந்த தட்டு அவரை உலுக்கிவிட்டது.

“ரெஜினா, ஓடி வா! இந்த ஹம்மிங்கைக் கேளு. நடுவுல சட்டுனு நிக்குது பாரு, இதெல்லாம் எந்த மிஷினுக்கும் வராது!”

கரண்டியோடு வந்து கேட்ட மனைவியின் முகம் வெளுத்தது.

“அது நான் உப்புப் பாக்குற இடம்.”

சமையலறைச் சுவரில், மளிகைச் சாமான் சொன்னால் ஆர்டர் போடுவதற்காக மாட்டியிருந்த, எந்நேரமும் காது திறந்தே இருக்கும் ஸ்பீக்கரை இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீ பாடுவியா?”

“முப்பது வருஷமா. உங்க தட்டு ஓடுறப்ப எங்க கேக்கும்?”

ஸ்பீக்கரைக் கழற்றி வீசியாயிற்று. எட்வின் இப்போது தட்டும் போடுவதில்லை; சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, அவள் பாட்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரெஜினா உப்புப் பார்க்கிறாள். அதற்கு முன்னாலும் பாட்டு இல்லை, பின்னாலும் இல்லை.