முள்ளெலியின் வயிற்றில்

"குடலையும் கிழிச்சுப் பாப்பாராமே?" என்று கேட்டான் தோகுஜி.

"பாக்கட்டுமே, நமக்கென்ன பயம்?" என்றாள் அவன் மனைவி ஹருயோ. "நீங்க ஏன் இப்படி வேர்த்து ஊத்துறீங்க?"

இரண்டு வருடமாக சோயாவையும் காரட்டையும் அரைத்து, தொட்டியில் வளரும், உருண்டை ஓடெல்லாம் முள்ளாக இருக்கும் கடல் முள்ளெலிகளுக்கு அவள் தீவனம் செய்கிறாள். துறைமுகத்தில் வேறு யாரிடமும் அது கிடையாது. பாசி அழிந்துபோன கடலில் இனி முள்ளெலிக்கு அதுதான் சோறு என்பது அவள் கட்சி. இன்று சந்தை வியாபாரி ஒனோதெரா தலையாட்டினால் வருடம் முழுக்கக் கொள்முதல். இல்லையென்றால் தொட்டிகளைக் கவிழ்த்துவிட்டு வேறு பிழைப்பு பார்க்க வேண்டியதுதான்.

பக்கத்து மேசையில் தன் கூடையோடு நின்ற மீனவன் கென்சோ சிரித்தான். "காரட் போட்டு வளக்க இது என்ன முயலா, தங்கச்சி? எனக்கு மட்டும் தெரிஞ்ச பாறை ஒண்ணு கடல்ல இருக்கு. என் சரக்கு அங்க பாசி தின்னு கொழுத்தது. என்ன தோகுஜி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

தோகுஜி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஒனோதெரா வந்தார். ஹருயோவின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பிளந்து, மஞ்சள் சதையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"என்னமா தித்திக்குதும்மா!" என்றார். ஹருயோவுக்குக் கண் கலங்கியது.

"ஆனா போன மாசம் ஒரு ஊர்ல, கடல்ல பிடிச்சதையே தீவனம் போட்டு வளத்ததுன்னு காட்டி ஏமாத்திட்டாங்க. குடல்ல பாசி இருந்துச்சுன்னா மன்னிக்கணும், இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன்."

தோகுஜி குறுக்கே வந்தான். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "ருசிதான் நல்லா இருக்கே ஐயா, அது போதாதா?"

ஹருயோ அவனை முறைத்தாள். ஒனோதெராவின் கத்தி முனை பிளந்த ஓட்டுக்குள் இறங்கியது.

குடலிலிருந்து ஆரஞ்சு நிறத் துணுக்குகள் உதிர்ந்தன. பாசி ஒரு இழைகூட இல்லை. இன்னும் இரண்டைப் பிளந்தார். அவற்றிலும் அதேதான்.

"சுத்தமா உங்க தீவனம்தான்மா! நாளைக்கே லாரி அனுப்புறேன்."

ஹருயோ கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தோகுஜிக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. கென்சோவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மனைவியின் தீவனத்தை நம்பாமல், அன்று விடிகாலையில் அவன் அந்தத் தட்டில் மாற்றி வைத்தது, கென்சோவின் கூடையிலிருந்து திருடிய முள்ளெலிகளை.