சுருக்கிய காற்று

"என் கம்ப்யூட்டர் கிழடா இருக்கலாம். ஆனா பொய் சொல்லாது," என்றாள் எலி.

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவள் இவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. வாயைத் திறக்காமல் மூலைக்கு மூலை ஓடி வேலை செய்வதால் வந்த பட்டப்பெயர் எலி. வைத்தவர் அவளுடைய அத்தான். அக்காவின் கணவர், கூடத்தின் தலைமை ஒலிப்பதிவாளர்.

பிரச்சினை ஒரு காற்று. மூடிக்கிடக்கும் நூற்பாலையின் உடைந்த ஜன்னல்கள் வழியே ஊளையிட்ட காற்று. அத்தான் தன் பதிவு என்று போட்டுக் காட்டியதும் சினிமா இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார். "இதைப் பிடிச்சவங்கதான் என் படம் முழுக்கச் சத்தம் பண்ணணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அது நான் பிடிச்சது," என்று எலி வந்து நின்றது அதற்குப் பிறகுதான்.

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "ஆலைக்கு ரெண்டு பேருமாத்தானே போனீங்க?"

"ஆமாம்மா. இவ கீழ, நூல் மெஷின் இருந்த கூடத்துல நின்னா. நான் மாடியில. அவங்கவங்க மைக், அவங்கவங்க பதிவு," என்றார் அத்தான். "மறுநாளே இவளோடதைக் கொண்டுவந்து, கேட்டுப் பாருங்க அத்தான்னு குடுத்தா. கேட்டேன். மனசு நோகுமேன்னு ஒண்ணும் சொல்லல."

"இப்பச் சொல்லுங்க," என்றாள் எலி.

"சத்தத்துல உசுரே இல்ல, போதுமா? வீட்டுல கம்ப்யூட்டர்னு ஒரு தகர டப்பா வச்சிருக்கியே, அதுல போட்டு ஃபைலைச் சுருக்கினா வேற எப்படி இருக்கும்?"

எலியின் காது சிவந்தது. "எதையும் இழக்காமச் சுருக்குற முறை அத்தான் இது. எந்த மெஷின்ல சுருக்கினாலும், எதுல விரிச்சாலும் அதே சத்தம்தான் வரும். சேலையை யார் மடிச்சா என்ன, பிரிச்சா நீளம் குறைஞ்சிடுமா?"

"சேலை மடிக்கிறவ பேசுற பேச்சு!" அவர் திரையை முதலாளியம்மா பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்கம்மா. ஒரே நேரத்துக் காத்து, ஒரே நீளம். ஆனா என் ஃபைல் சின்னது, இவளோடது பெருசு. மெஷின் மாறினா எல்லாமே மாறும். நான் இந்தத் தொழிலுக்கு வந்தப்போ இவளுக்குப் பால் பல்லுகூட விழல."

"உங்க மெஷின் இறுக்கி மடிச்சிருக்கு, அவ்வளவுதான். ரெண்டையும் விரிச்சுப் பார்ப்போம்."

"விரிச்சு வித்தியாசம் வந்தா?" என்றார் முதலாளியம்மா.

"வேலையை விட்டுடறேன். அத்தான் வீட்டுலதானே இருக்கேன், அங்கிருந்தும் கிளம்பிடறேன்."

"உங்க அக்காகிட்ட நீயே சொல்லிக்கோ. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது," என்றார் அத்தான்.

"சொல்லிக்கிறேன்."

எலி மேசைக்கு முன் உட்கார்ந்து இரண்டு ஃபைல்களையும் விரித்தாள். அத்தானின் காற்றை அப்படியே விட்டுவிட்டு, தன் காற்றின் அலையைத் தலைகீழாகத் திருப்பினாள். "ரெண்டையும் சேர்த்து ஓட்டினா ஒரே மாதிரி இருக்கிறது ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும்மா. எது வித்தியாசமோ அது மட்டும்தான் காதுல விழும்."

"அப்போ நல்லாவே விழட்டும்." அத்தான் கையை நீட்டி ஒலியை முழுதாகக் கூட்டிவைத்தார்.

எலி பொத்தானை அழுத்தினாள்.

திரையில் இரண்டு அலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. முதலாளியம்மாவின் கை வளையல் உரசியது மட்டும் கேட்டது.

"ஒயர் கழண்டிருக்கும்," என்று எழுந்தார் அத்தான்.

எலி ஒரு அலையை மட்டும் நிறுத்தினாள். காற்று கண்ணாடித் தடுப்பு அதிர ஊளையிட்டது. மறுபடி இரண்டையும் சேர்த்தாள். வாயைப் பொத்தியதுபோல் அடங்கிப்போனது.

அத்தான் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு பெரிதாகச் சிரித்துவிட்டார்.

"சரி தாயே, தோத்துட்டேன்! உன் தகர டப்பா எதையும் கெடுக்கல. இம்மி வித்தியாசம் இல்ல. ரெண்டும் ஒண்ணேதான், போதுமா?" முதலாளியம்மாவிடம் திரும்பினார். "இவ சொன்னபடியே ஆயிடுச்சும்மா. ரெண்டும் ஒண்ணுன்னா அப்புறம் என்ன, அனுபவம் இருக்கிறவன் கையில படத்தைக் குடுங்க. இவ எனக்கு உதவியா இருக்கட்டும். உங்க அக்காவும் சந்தோஷப்படுவா எலி."

"அதுவும் நியாயமாத்தான் படுது," என்று முதலாளியம்மா இயக்குநரை அழைக்கப் போனை எடுத்தார். "உன் மெஷினும் ஜெயிச்சிடுச்சு, அவருக்கும் மரியாதை. இன்னும் என்னம்மா மொறைச்சுட்டு உக்காந்திருக்க?"

எலி எழுந்து நின்றாள். முதல் முறையாக அத்தானை நேருக்கு நேர் பார்த்தாள்.

"கீழ நின்ன என் மைக்ல விழுந்த காத்து, மாடியில நின்ன உங்க மைக்ல எப்படி அத்தான் இம்மி பிசகாம விழுந்துச்சு?"