ஏழாம் வரிசை, இடப்பக்கம்

யாரும் கேட்பதற்குள் அடுத்த படகுப் பந்தயத்துக்குக் கூப்பிட்டுவிட்டால் நல்லது. கேட்டுவிட்டால் சொல்லியாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் புவாகாம்.

காலையில் ஒரு முழத்தில் தோற்றிருந்தார்கள். மூங்கில் கூடைகளில் ஒட்டரிசிச் சோறு ஆறிக் கிடந்தது. இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. அதிலும் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

படகில் குடியிருக்கும் தேவிக்குச் சண்டை ஆகாது. அதனால் இருபது பெண்களும் மேகோங் ஆற்றங்கரையில் இறங்கி நின்று, யாரால் தோற்றோம் என்று சண்டை போட்டார்கள்.

துடுப்பு போடுகிறவளுக்கு முன்னால் இருப்பவளின் முதுகுதான் தெரியும். கடைசியில் நின்று சுக்கான் பிடிக்கும் புவாகாமுக்கு மட்டும் எல்லாரும் தெரிவார்கள். அவள் யாரைக் கைகாட்டுகிறாளோ அவள் இறங்க வேண்டும். மறுபேச்சு கிடையாது.

அணித்தலைவி செங்மனி, முன்வரிசை வியெங்கை முறைத்தாள். வியெங் போன வருஷம் அக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். காலையில் ஜெயித்தது அக்கரைப் படகு.

"ஆளு இங்க வந்துட்டா, கை மட்டும் இன்னும் அம்மா வீட்லதான் இருக்கு போல. சொல்லுங்கக்கா, இவதானே? இறக்கிட்டு பெங்கை ஏத்திடலாம்."

சிலர் சிரித்தார்கள். கரையில் மாற்றாளாக உட்கார்ந்திருந்த பெங் எழுந்து நின்றாள்.

வியெங் துடுப்பை விடவில்லை. உள்ளங்கைக் கொப்புளங்கள் உடைந்து பிடி ஈரமாகியிருந்தது.

துடுப்பு நீரை இழுத்தால் பின்னால் ஒரு சுழி விழும். காலையில் வியெங்கின் சுழி ஒருமுறைகூடத் தவறவில்லை. புவாகாம் பார்த்துக்கொண்டேதான் வந்தாள்.

ஏழாம் வரிசை இடப்பக்கம் சுழியே இல்லை. துடுப்பு தாளத்தோடு இறங்கியது, தாளத்தோடு ஏறியது. நனைந்ததோடு சரி.

முன்வரிசை இடம் தனக்குக் கிடைக்காமல் வியெங்குக்குப் போன நாளிலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்தவள் அப்படித்தான். வியெங் அங்கே இருக்கும்வரை படகு ஜெயித்துவிடக் கூடாது என்று அவளுக்கு.

பயிற்சியிலேயே புவாகாம் கவனித்திருந்தாள். ஆத்திரம் தானாக ஆறட்டும் என்று பத்து நாள் கண்டும் காணாமல் இருந்தாள். அந்தப் பத்து நாளில்தான் ஒரு முழம் போயிற்று.

ஒலிபெருக்கி அவர்கள் படகின் பெயரைச் சொன்னது.

"வியெங் இருக்கட்டும். பெங், நீ ஏழாவது வரிசைல இடப்பக்கம் உட்காரு."

சிரித்தவர்கள் மணலைப் பார்த்தார்கள்.

ஏழாம் வரிசைக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து புவாகாமின் சுக்கான் துடுப்பைப் பற்றினாள்.

"ஊரே பாக்குதும்மா. இந்த ஒரு தடவை மட்டும் விட்டுடும்மா."

ஒரு கொப்புளமும் இல்லாத மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடுப்பிலிருந்து எடுத்துவிட்டு, புவாகாம் படகில் ஏறினாள்.